பேனா கிரிப் நல்லதுதான், பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்

அம்மாவுக்காக ஆன்லைனில் வாங்கிய சிலிக்கோன் பேனா கிரிப். பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மெத்தென்று இருக்கிறது, சாதாரண பால்பாயிண்ட் பேனாவில் இறுக்கமாக உட்காருகிறது, வேர்த்த கையிலும் வழுக்கவில்லை. மூட்டுவலியால் விரல் மடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம்.

ஆனால் பெட்டியில் 'மறதி நோயாளிகளின் கையெழுத்தை மேம்படுத்தும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய், பேனா பிடிப்பதில் சிக்கலே கிடையாது. மளிகைச் சீட்டில் துவரம் பருப்பு 'துவரபருபு' ஆகிவிடுகிறது, ஒற்றெல்லாம் காணோம். கொத்தமல்லி எழுத ஆரம்பித்தால் கொம்பைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்து, அதன் பக்கத்திலேயே இன்னொரு கொம்பு போடுகிறார். இதை எந்த கிரிப் சரிசெய்யும்? 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர், ஆகுஸ்டே டேட்டர் என்ற பெண்மணியிடம் பெயரை எழுதச் சொன்னபோது அவரால் முழுதாக எழுத முடியவில்லை, அந்த மருத்துவரின் பெயர்தான் பிறகு நோய்க்கே வந்தது. 1975-ல் வந்து இன்றும் புழக்கத்தில் இருக்கும் எம்எம்எஸ்இ என்ற நினைவாற்றல் பரிசோதனையிலும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். அதில் பார்ப்பது விரல் பலத்தை இல்லை.

கை நடுக்கமும் விறைப்பும் வரும் பார்கின்சன் நோயின் கதை வேறு. அதில் எழுத்து போகப்போகச் சிறுத்து, வரி முடிவதற்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். அவர்களுக்குக்கூட கிரிப்பைவிடக் கோடு போட்ட நோட்டுதான் கைகொடுக்கும், இரண்டு கோட்டையும் தொடும்படி எழுதச் சொன்னால் எழுத்து பெரிதாகும்.

எங்கள் வீட்டில் உதவியது தெருமுனை ஸ்டேஷனரி கடையில் வாங்கிய இரட்டைக்கோடு நோட்டும் ஒரு தடித்த ஸ்கெட்ச் பேனாவும். நான் மேல் வரியில் எழுதிவைக்கிறேன், அம்மா கீழே பார்த்து எழுதுகிறார். சொந்தமாக எழுதுவதைவிட இது அவருக்குச் சுலபமாக வருகிறது. நோய் குறையுமா என்றால் குறையாது, சீட்டு எழுதும் வேலையை விட்டுக்கொடுக்காமல் இருக்கிறார், அவ்வளவுதான். அப்புறம் ஒன்று, செக்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் திருப்புகிறார்களா? கிரிப் மாட்டிப் பழக்கலாம் என்று நினைக்காமல் கைரேகைக்கு என்ன வழி என்று அங்கேயே கேளுங்கள்.

கிரிப்புக்கு மூன்று நட்சத்திரம், பெட்டியில் உள்ள வாசகத்துக்குப் பூஜ்யம். திருப்பி அனுப்பவில்லை, முடக்குவாதம் உள்ள பக்கத்து வீட்டு மாமா கேட்டு வாங்கிக்கொண்டார், அவருக்கு ரொம்பத் திருப்தி.