வீல்சேர்ல 6 வருஷம்: காத்து, பிரேக், மெத்தை, மும்பை மழை

போன வாரம் பின் சந்து அக்கா ஒருத்தங்க வீட்டுக்கு வந்தாங்க, மாமனாருக்கு வீல்சேர் வாங்கணும், நீதான் இத்தன வருஷமா ஓட்டுறியே எது நல்லதுன்னு சொல்லு புள்ளன்னு கேட்டாங்க. ஒரு மணி நேரம் பேசுனோம். எந்த வண்டி வாங்கணும்ங்கறத அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிச்சிட்டேன், மீதி நேரம் பூரா வாங்குன பிறகு அத எப்படி வச்சுக்கணும்னுதான் பேச்சு. கடைக்காரங்க யாரும் இத சொல்லித் தர்றதில்ல, எனக்கும் யாரும் சொல்லல, அதனால எழுதறேன்.

2018-ல மாடிப்படியில வழுக்கி விழுந்து முதுகுத்தண்டுல அடி. இடுப்புக்குக் கீழ அசைவும் கிடையாது, உணர்ச்சியும் கிடையாது. 2019-லேருந்து இதே வண்டிதான், ஸ்டீல் ஃபிரேம், மடிக்கிற டைப், பின்னாடி 24 இஞ்ச் காத்து டயர், முன்னாடி 8 இஞ்ச் கட்டி ரப்பர் வீலு, எடை 18 கிலோ கிட்ட வரும். மோட்டார் எதுவும் இல்ல, கையாலதான் தள்ளணும். வீடு தாராவியில, 90 அடி ரோட்டுலேருந்து உள்ள தள்ளி ஒரு சந்து, தரைத்தளம்.

முதல்ல பிரேக் கதைய சொல்லிடறேன். ரெண்டாவது வருஷம், ஒரு காலையில கட்டில்லேருந்து வண்டிக்கு மாறுறேன். ரெண்டு பக்கமும் பிரேக் போட்டேன், டக்குன்னு சத்தமும் கேட்டுச்சு, ஒரு கை கட்டில்ல, ஒரு கை வண்டியில, உடம்ப தூக்கி வைக்கிற நேரத்துல வண்டி பின்னால நழுவிப் போயிடுச்சு. நான் தரையில, வலது கால் எனக்கு அடியில மடங்கிக் கெடக்கு. வலி தெரியாதுல்ல, அதனால சாயங்காலம் கணுக்கால் வீங்கி நிக்கறத பாத்தப்பறம்தான் எக்ஸ்ரே எடுக்க ஓடுனோம். நல்லவேளை எலும்பு முறியல. பிரேக் உடைஞ்சிருக்கும்னு நெனச்சு எங்க வீட்டுக்காரர் வண்டிய எங்க முக்கு சைக்கிள் கடைக்கு உருட்டிட்டுப் போனாரு. அந்த அண்ணன் திருநெல்வேலி பக்கம், டயர கட்டைவிரலால அமுக்கிப் பாத்துட்டு, "பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, டயர்ல காத்தே இல்லியே, அது எதப் புடிக்கும்?"னு கேட்டாரு.

அதுதான் விஷயம். இந்த வண்டி பிரேக்ல ஒரு சின்ன இரும்புத் துண்டு நேரா டயர் மேல போயி அழுத்தும், அவ்வளவுதான், டயர் கல்லு மாதிரி இருந்தாதான் அது பதியும். காத்து கொறைஞ்சா பிரேக் போட்ட சத்தம் வரும், வண்டி நிக்காது. டயர் ஈரமா இருந்தாலும் வழுக்கும். பிரேக் சரியா புடிக்கலன்னா உடனே ஸ்பேனர எடுத்து முடுக்கிடாதீங்க, முதல்ல காத்தடிச்சுப் பாருங்க, காத்தில்லாத டயருக்கு முடுக்கி வச்சா அப்பறம் காத்தடிச்சதும் பிரேக்க போடவே முடியாது. எவ்வளவு அடிக்கணும்னு டயர் பக்கவாட்டுலயே எழுதியிருக்கும். வீட்டுல பாக்கறதுக்கு கட்டைவிரல் போதும், பலமா அமுக்குனா அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல உள்ள போகக்கூடாது. இன்னொண்ணு, இது நிறுத்தி வைக்கிறதுக்கான பிரேக்கு, சரிவுல ஓடற வண்டிய இத இழுத்து நிறுத்தப் பாத்தா நாமதான் முன்னாடி போய் விழுவோம். வேகத்த கைவளையத்துலதான், அதான் பின் வீலுக்கு வெளிப்பக்கம் கையால புடிச்சுத் தள்ளுற வளையம், அதுலதான் கொறைக்கணும்.

அன்னையிலேருந்து கட்டில்ல இருந்து மாறுறதுக்கு முன்னாடி கால்பலகைய மடிச்சுத் தூக்கி விட்டுட்டு, வண்டிய கொஞ்சம் பின்னால உருட்டி முன் வீலு ரெண்டும் முன்பக்கம் திரும்புற மாதிரி நிறுத்தி, பிரேக் போட்டு, அப்பறம் கையால ஒரு தடவ வண்டிய தள்ளிப் பாத்துட்டுதான் உக்காருவேன். அந்தத் தள்ளிப் பாக்கறத ஒரு நாள் கூட விட்டதில்ல.

ஞாயித்துக்கிழமை காலையில வண்டிய தலைகீழா கவுத்துப் போட்டுடுவோம். நான் கட்டில்ல உக்காந்து சொல்ல சொல்ல பையன் செய்வான், இப்ப அவனுக்கு 11 வயசு, நான் சொல்லாமயே செய்யறான். போக்ஸ் கம்பிய ரெண்டு ரெண்டா சேத்துப் புடிச்சு அமுக்கிட்டே ஒரு சுத்து வருவான், லூசா ஒண்ணு இருந்தா கைக்கே தெரியும். வீல சுத்தி விட்டு ஃபிரேம் பக்கம் ஒரு விரல வச்சுப் பாத்தா கோட்டம் இருக்கா இல்லியான்னு தெரிஞ்சிடும். அப்பறம் முன் வீலு. முன் வீலு அச்சுல என்னென்ன சுத்தியிருக்கும்னு பாத்தாதான் நம்புவீங்க. என் தலைமுடி, பக்கத்து வீட்டுத் தையல் மெஷின்லேருந்து பறந்து வர்ற நூலு, பூக்கட்டுற நாரு, எல்லாம் சேந்து கறுப்பா எண்ணெய்ப் பிசுக்கோட இறுகிப் போயி வளையம் மாதிரி நிக்கும். மழுங்குன பிளேடால கீறி, புருவம் எடுக்கற இடுக்கியால கொஞ்சம் கொஞ்சமா உருவணும். எடுத்து முடிச்சு வீல தட்டி விட்டா சும்மா காத்தாடி மாதிரி சுத்தும். இத ரெண்டு மாசம் விட்டீங்கன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், தோள்பட்டை வலிக்கும், நாம என்னமோ ஒடம்புல தெம்பு கொறைஞ்சிடுச்சுன்னு நெனச்சுட்டு இருப்போம்.

மெத்தை பத்தி சொல்லாம விடவே மாட்டேன், வீல்சேர்ல இருக்கற எங்க ஆளுங்கள படுக்கையில தள்ளுறது பாதி இதுல வர்ற அழுத்தப் புண்ணுதான். வண்டியோட வர்ற ரெக்ஸின் சீட்டு ஆறேழு மாசத்துல தொட்டில் மாதிரி தொங்கிடும், அது மேல வெறுமனே உக்காரவே கூடாது. நான் ஆரம்பத்துல யாரோ சொன்னாங்கன்னு நடுவுல ஓட்டை இருக்கற காத்து டியூப் வாங்கி ஒரு மாசம் உக்காந்தேன், அது நல்லதில்ல, ஓட்டையச் சுத்தி அழுத்தி ரத்த ஓட்டத்த நிறுத்திடும்னு பிஸியோதெரபி பண்ணுறவங்க தூக்கிப் போடச் சொன்னாங்க. அப்பறம் ரெண்டு அடுக்கு ஃபோம், அடியில கெட்டி, மேல மெத்துனு. ஃபோம் செத்துப் போச்சான்னு பாக்க ஒரு வழி இருக்கு, உக்காந்த நெலையிலயே ஒருத்தர மெத்தைக்கு அடியில கைய விட்டு, உக்காரற எலும்புக்கு நேரா விரல மேல பாத்து அமுக்கச் சொல்லணும். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு இஞ்சாவது ஃபோம் மிச்சம் இருக்கணும், விரல்ல எலும்பு இடிச்சா அன்னைக்கே மாத்திடுங்க. நான் 6 வருஷத்துல நாலு ஃபோம் மாத்திட்டேன்.

மெத்தை எவ்வளவு நல்லதா இருந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவ உடம்பு எடைய சீட்டுலேருந்து எடுத்து விடணும். கைய ஊனி எம்பறத நான் கொறைச்சுட்டேன், தோளுக்கு ஆகாது, நாலு செகண்டுல எறங்கிடுவோம், அது பத்தாது. பிரேக் போட்டுட்டு மேசையில முழங்கைய வச்சு நல்லா முன்னாடி குனிஞ்சு ரெண்டு நிமிஷம் இருப்பேன், எங்கிட்ட டியூஷன் படிக்கிற புள்ளைங்க கணக்கு போட்டுட்டு இருக்கற நேரம் சரியா இருக்கும். ராத்திரி கைக்கண்ணாடி வச்சு தோல பாத்துடுவேன். செவந்த இடம் அரை மணி நேரத்துல பழைய நெறத்துக்கு வந்துட்டா சரி, வரலன்னா மறுநாள் அந்தப் பக்கம் உக்காரவே கூடாது, டாக்டர்ட்ட காட்டணும். கறுத்த தோல்ல செவப்பு தெரியாது, கைய வச்சு சூடா இருக்கா, கெட்டியா இருக்கான்னுதான் தடவிப் பாக்கணும். இன்னொரு விஷயம், சூடான கொழம்புச் சட்டிய மடியில வச்சுக்கிட்டு அடுப்படியிலேருந்து கூடத்துக்கு வர்ற வேலை வேண்டவே வேண்டாம், உணர்ச்சி இல்லாத தோலு வெந்தது துணிய மாத்தும்போதுதான் தெரியும். எனக்கு ஆயிருக்கு, ஆற ஏழு வாரம் ஆச்சு. இப்ப மடியில பலகை, அதுக்கு மேலதான் எதுவும்.

எங்க வாசப்படி அரை அடி உயரம், மழைத்தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு இங்க எல்லார் வீட்லயும் ஏத்தித்தான் கட்டுவாங்க. ஒரு அடி ஏத்தத்துக்கு 12 அடி சரிவு வேணும்ங்கறது கணக்கு, அப்ப எனக்கு 6 அடி. சந்தே 4 அடிதான். 3 அடிப் பலகைதான் போட முடிஞ்சுது, செங்குத்தா இருக்கு, அதனால தனியா ஒருநாளும் எறங்க மாட்டேன், எறங்கும்போது அவரு பின்னாடி நின்னு வண்டிய பின்பக்கமாவே எறக்குவாரு, நான் சாஞ்சு உக்காந்துக்குவேன். ஏறும்போது முன்னாடி குனியணும். ஒரு தடவ கைப்பிடியில 5 கிலோ அரிசிப் பைய மாட்டிட்டு ஏறுனோம், முன் வீலு அந்தரத்துல தூக்கிருச்சு, அவரு மட்டும் புடிக்கலன்னா மண்ட தரையில. பை இப்ப மடியிலதான். சேலை, துப்பட்டா எதுவா இருந்தாலும் ஓரத்த தொடைக்கு அடியில சொருகிக்கங்க, போக்ஸ்ல சுத்துனா ஒரே இழுப்புதான்.

வெளிய போறதுன்னா டாக்ஸி. டிக்கிய பாதி சிஎன்ஜி சிலிண்டர் அடைச்சுக்கிடும், அதனால வீல்சேர் டாக்ஸி மேல இருக்கற கேரியர்ல ஏறும். ஏத்தற ஆளு அவசரத்துல கை வைக்கற இடத்தையும் கால்பலகையையும் புடிச்சுத்தான் தூக்குவாரு, அது கழண்டு கையோட வந்துடும், "பையா, ஃபிரேம் பகடோ"ன்னு, அதான் ஃபிரேம புடிங்கன்னு, நான் உள்ளேருந்து கத்திக்கிட்டே இருப்பேன். விரிக்கும்போது சீட்டுக் குழாய உள்ளங்கையால அமுக்கணும், விரல மடிச்சு குழாய சுத்திப் புடிச்சா நடுவுல மாட்டி நசுங்கும்.

ஜூன் வந்தா வண்டிக்கு நோவு ஆரம்பிக்கும். சாக்கடத் தண்ணி, கடல்காத்து உப்பு, நாலு மாசம் காயாத ஈரம். வீட்டுக்குள்ள வந்ததும் பழைய துண்டால துடைக்கறோம், கீழ குறுக்க பெருக்கல் குறி மாதிரி இருக்கற கம்பி நடுவுல ஒரு போல்ட் இருக்கும் பாருங்க, அங்கதான் முதல்ல துரு புடிக்கும், வாரம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுவோம். வீலு அச்சுக்குள்ள உருளுற இரும்புக் குண்டு, அந்த பால்ஸுக்கு மட்டும் எண்ணெயும் ஸ்பிரேயும் வேண்டாம், இருக்கற கிரீஸயும் கழுவிட்டுப் போயிடும். மழை முடிஞ்சதும் அந்த சைக்கிள் கடை அண்ணன்கிட்ட குடுத்து பிரிச்சுக் கழுவி புது கிரீஸ் வச்சு வாங்கிடுவோம். கைவளையத்துல நிக்கல் உரிஞ்சு துரு சில்லு நின்னுச்சுன்னா உள்ளங்கைய கிழிக்கும், மூணாவது வருஷம் எனக்கு அப்படி ஆகி வளையத்தையே மாத்துனோம்.

அந்த அக்காக்கு கடைசியா சொன்னது இதுதான். மாமனார கடைக்கே கூட்டிட்டுப் போயி உக்கார வச்சுப் பாருங்க. இடுப்புக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு விரலாவது போற அளவு, முழங்காலுக்குப் பின்னாடி ரெண்டு விரல் இடைவெளி, கால்பலகை தரையிலேருந்து ரெண்டு இஞ்ச் மேல. கை வைக்கற இடம் கழண்டு வரணும், அப்பதான் கட்டிலுக்கு பக்கவாட்டுல மாற முடியும். பின்னாடி காத்து டயரு. முன் வீலு 8 இஞ்ச், சின்ன வீலு எங்க சந்து சாக்கடைய மூடியிருக்கற கம்பி ஜாலியில மாட்டிக்கும். கடையில போட்டிருந்த வண்டி 20 இஞ்ச் சீட்டு, மாமனாரு ஒல்லி, 16 போதும், அதுக்கு பத்து நாள் ஆகும்னாங்களாம். காத்திருந்து வாங்குறேன்னு போன் பண்ணுனாங்க, கூடவே ஒரு சைக்கிள் பம்பும் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.