கையில் ஒரே ஒரு மார்கழி சனி ஞாயிறு: ஆறரை மணி டிக்கெட்டா, மத்தியான இலவசமா, மாமல்லபுரமா?

போன வருடம் மார்கழியில் மதுரையிலிருந்து அத்தை மகன் போன் செய்தான். "மாப்ள, சனிக்கிழமை காலையில பாண்டியன்ல வந்து இறங்குறோம், ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே வண்டியில திரும்புறோம். மார்கழி மார்கழின்னு பீத்திக்கிறீங்களே, அதைக் கொஞ்சம் காட்டு." வந்தது மூன்று பேர். மச்சானுக்குக் கரகாட்டமும் சினிமாப் பாட்டும் போதும். அவன் மனைவி, எனக்குத் தங்கச்சி, பள்ளி நாட்களில் வர்ணம் வரை பாட்டு கற்றுக்கொண்டவள். அவர்கள் மகளுக்கு எட்டு வயது.

சென்னையில் இருக்கிற நமக்கே இந்த மாதம் எங்கே போவது என்று குழப்பம்தான். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் வட்டாரத்தில் காலையிலிருந்து இரவு வரை ஏதாவது ஒரு மேடையில் யாராவது பாடிக்கொண்டோ ஆடிக்கொண்டோ இருப்பார்கள். இவர்களுக்காக உட்கார்ந்து யோசித்தபோது எனக்கே சில விஷயங்கள் தெளிவாயின. இந்த வாரம் இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு அது உதவலாம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மாலை ஆறரை மணிக் கச்சேரி. பெரிய பெயர், பெரிய அரங்கம், டிக்கெட். தங்கச்சிக்கு அதில்தான் ஆசை. மச்சானுக்கோ மியூசிக் அகாடமியைப் பார்த்தாலே போதும்: "எங்க ஊரு எம்.எஸ். அம்மாவுக்குப் பட்டம் குடுத்த எடம்தானப்பா?" அவன் சொன்னது சரிதான். 1968-ல் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி. கச்சேரி சீசன் டிசம்பரில் வந்து உட்கார்ந்ததற்கும் அகாடமிக்கும் தொடர்பு உண்டு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்து 1928-ல் தொடங்கியதுதான் மியூசிக் அகாடமி.

மாலைக் கச்சேரியின் பலம் நேரம். இரண்டரை மணி நேரம் கிடைப்பதால் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த அந்த வரிசை முழுதாக விரியும். வர்ணத்தில் சூடுபிடித்து, கீர்த்தனைகளில் நடந்து, மெயின் என்கிற பெரிய உருப்படிக்கு வந்து, தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து, துக்கடா என்கிற சின்னப் பாட்டுகளில் இறங்கும். ராகம் தானம் பல்லவி அவசரமில்லாமல் கேட்க வேண்டுமென்றால் இந்த நேரம்தான். கேட்டுப் பழகியவர்களுக்கு இதற்கு மாற்றே இல்லை.

பழகாதவர்களுக்கு இரண்டரை மணி நேரம் என்பது மதுரை போய்ச் சேர்கிற நேரம் மாதிரி இருக்கும். தவிர, முன் வரிசைகள் பெரும்பாலும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும் புரவலர்களுக்கும் போய்விடும். அன்றைக்கு டிக்கெட் வாங்குகிறவருக்குக் கிடைப்பது பின்பக்கமோ பால்கனியோதான். ஒருமுறை ஒரு சபாவில் நல்ல விலை கொடுத்து உட்கார்ந்தேன். எனக்கும் பாடகருக்கும் நடுவே ஒரு தூண். கச்சேரி முழுக்க நான் பார்த்தது மிருதங்க வித்வானின் இடது கையை மட்டும். இன்னொன்று, பெரிய வித்வான்கள் இந்த ஒரே மாதத்தில் சபா சபாவாகப் பாடுகிறார்கள். மாதக் கடைசியில் தொண்டை கெஞ்சுவது பால்கனி வரை கேட்கும்.

இனி மத்தியானக் கச்சேரி. பல சபாக்களில் பகல் நேரத்துக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. நேராக உள்ளே போய் உட்காரலாம், அதுவும் இரண்டாவது வரிசையில். பாடுகிறவர்கள் இளையவர்கள், கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட. மேடையும் மைக்கும் மாலையில் பெரியவர்கள் உட்காரப் போகிற அதேதான். இலவசம் என்றதும் மச்சான் முகம் சுருங்கியது. "சும்மா குடுக்குறது எப்படி இருக்கும்னு தெரியாதா மாப்ள?" என்றான். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ அந்தத் தொண்ணூறு நிமிடம் அடுத்த வருடத்து நாலு மணி ஸ்லாட்டுக்கான பரீட்சை. ஒப்பேற்ற முடியாது.

குறைகளும் உண்டு. சிலர் பதற்றத்தில் ஓட ஓடப் பாடுவார்கள். பக்கவாத்தியக்காரர்கள் அன்றைக்குத்தான் முதல்முறை சந்தித்தார்களோ என்று தோன்றும் நாட்களும் உண்டு. அரங்கில் முப்பது பேர் இருந்தால் பத்துப் பேர் பாடுகிறவரின் சொந்தக்காரர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏ.சி. குளிரில் கண் சொக்கும். ஆனால் பக்கத்தில் இருந்து பார்க்கிற சுகம் வேறு எங்கும் கிடையாது.

நாங்கள் சனிக்கிழமை போன பன்னிரண்டரை மணிக் கச்சேரியில் திரை விலகும்போது மிருதங்கப் பையன் ஒரு சின்ன டப்பாவைத் திறந்தான். பிசைந்த ரவையை விரலில் எடுத்துத் தொப்பியின் நடுவில், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில், வட்டமாக அப்பினான். ஒரு தட்டு, கொஞ்சம் தண்ணீர், மறுபடி ஒரு தட்டு. 'தொம்' என்று கனமாக இறங்கும் வரை விடவில்லை. அப்புறம் மிருதங்கத்தைத் திருப்பி, கல்லை வைத்து விளிம்பில் டொக் டொக்கென்று சுருதி சேர்த்தான். பக்கத்தில் இருந்த மகள் சத்தமாகவே சொன்னாள்: "அப்பா, அந்த அண்ணன் மேளத்துல உப்புமா தடவுறாங்க!" பையன் தலை நிமிராமல் சிரித்தான். பால்கனியிலிருந்து இது தெரியாது.

கேன்டீனைச் சொல்லாமல் சீசனைப் பற்றி எழுதக்கூடாது. சாப்பிடக் கச்சேரி டிக்கெட் வேண்டியதில்லை. மாலையில் இடம் பிடிக்க முட்டி மோத வேண்டும். கச்சேரி முடிந்து இரண்டு மணிக்கு மேல் போனால் நிதானமாகச் சாப்பிடலாம். கீரை வடை சூடாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அசோகா அல்வா இருந்தால் விடாதீர்கள்.

சனிக்கிழமை மாலைக்கு ஆறரை மணிக் கச்சேரியோடு மோதியது மாமல்லபுரம் நாட்டிய விழா. சுற்றுலாத் துறை டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை நடத்துவது. பார்க்கக் கட்டணம் இல்லை. பரதம், குச்சிப்புடி, கதக், ஒடிசி என்று ஒரே மாலையில் இரண்டு மூன்று வகை ஆட்டம், நடுவே நம் கிராமியக் கலைகளும் வரும். திறந்தவெளி மேடை, கடற்காற்று, குழந்தை எழுந்து நடந்தால் யாரும் முறைக்கமாட்டார்கள். மச்சானுக்கு இது நூற்றுக்கு நூறு.

நாட்டியத்தை நாட்டியமாகப் பார்க்க நினைப்பவருக்குத்தான் ஒரு சங்கடம். அபிநயம் என்பது கண்ணும் புருவமும் செய்கிற வேலை. அந்தப் பெரிய மேடைக்கு முன்னால் தள்ளி உட்கார்ந்தால் அது கரைந்துவிடும். ஜதியும் குழு நடனமும் எடுபடுகிற அளவுக்கு, அபிநயத்தையே நம்பியிருக்கும் பதம் எடுபடாது. அபிநயம்தான் வேண்டுமென்றால் அரங்கத்துக்குள் போக வேண்டும். திருவான்மியூர் கலாக்ஷேத்திராவில் கேரளக் கோயில்களின் கூத்தம்பல பாணியில் கட்டிய அரங்கம் அதற்கு அருமையான இடம், அவர்களுடைய கலைவிழாவும் ஏறக்குறைய இதே நாட்களில்தான் வரும். ஆனால் எட்டு வயதுக் குழந்தையோடு போனால் மாமல்லபுரம்தான்.

வழியை யோசித்துக்கொள்ளுங்கள். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் என்று காகிதத்தில் இருக்கும், வார இறுதியில் ஈ.சி.ஆர். காகிதத்தைப் படிப்பதில்லை. ஞாயிறு இரவு எழும்பூரில் ரயில் பிடிப்பவர்கள் அன்று மாலை மாமல்லபுரத்தை நினைக்கவே வேண்டாம். அதனால் நாங்கள் சனிக்கிழமையே போனோம். தங்கச்சியின் ஆறரை மணிக் கச்சேரி அதோடு போயிற்று.

ஞாயிறு விடியற்காலை மாட வீதி பஜனைக்கு யாருடனும் போட்டி இல்லை, உங்கள் தூக்கத்தோடு மட்டும்தான் போட்டி. கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி பாபநாசம் சிவன் தொடங்கி வைத்த பஜனை இன்றும் மார்கழியில் நடக்கிறது. நாற்காலி கிடையாது, மேடை கிடையாது. கூடவே நடக்கலாம், தெரிந்த வரியில் சேர்ந்து பாடலாம். ஈரத் தெருவில் போட்ட கோலத்தை மிதிக்காமல் நடப்பதுதான் கஷ்டம். மச்சான் தூங்கிவிட்டான், தங்கச்சி வந்தாள். கற்றுக்கொண்ட பாட்டு ஒன்று வந்ததும் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதை நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

மற்றவற்றில் சபா நாடகம், ஸ்டாண்டப் எல்லாம் வருடம் முழுக்கக் கிடைப்பவை, வெளியூர்க்காரர்கள் மார்கழியை அதில் செலவழிக்க வேண்டாம். தெருக்கூத்து பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பங்குனிக்குப் பிறகு காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது போங்கள். நகரத்து மேடையில் அரை மணி நேரத்துக்கு வெட்டித் தரும் கூத்தைப் பார்த்துவிட்டு இதுதானா என்று கேட்காதீர்கள். அது விடிய விடிய நடக்கிற சமாச்சாரம்.

தங்கச்சியின் குறையைத் தீர்க்க ஒரு வழி மிச்சமிருந்தது. நாலு மணிக் கச்சேரி. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மத்தியானத்தில் தேறி வந்தவர்கள், இன்னும் மாலைக்கு ஏறாதவர்கள். குரல் உச்சத்தில் இருக்கிற வயது. டிக்கெட் இருந்தாலும் மாலையைவிடக் குறைவு, இடமும் கிடைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேலே ஓடுவதால் மெயினும் தனியும் நிதானமாக வரும். ஆறரைக்கு வெளியே வந்தால் டிபனும் சாப்பிட்டு ரயிலையும் பிடிக்கலாம். என்னைக் கேட்டால், ஒரே ஒரு கச்சேரிக்குத்தான் நேரம் என்பவர்கள் பேரைப் பார்க்காமல் இந்த ஸ்லாட்டைப் பிடியுங்கள். கச்சேரியே புதிது என்றால் மட்டும் மத்தியானம்.

ஞாயிறு அப்படித்தான் போனோம். மெயின் முடிந்து தனி ஆரம்பித்ததும் வழக்கம்போலக் கால்வாசி அரங்கம் கேன்டீனைப் பார்த்து எழுந்தது. சனிக்கிழமை வடையை மறக்காத மச்சானும் எழுந்து மகளைக் கூப்பிட்டான். அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"போங்கப்பா, உப்புமா மேளம் இப்பத்தான் தனியா வாசிக்குது."