பெல்ட் மாற்றாமலே பணம் வாங்கினார்கள்: பழைய டுகாட்டி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

பொலோஞாவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நம்மவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அந்தச் சிலராவது இதைப் பொறுமையாக வாசித்துவிட்டு, இந்த வார இறுதியில் தங்கள் வண்டியின் பெல்ட் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். 2023 ஏப்ரலில் என்னுடைய 1996ஆம் ஆண்டு டுகாட்டி 916க்கு முழுச் சேர்விஸ் என்று சொல்லி ஒரு கராஜ் என்னிடம் 1,300 யூரோ வாங்கியது. அந்தப் பணத்துக்கு அவர்கள் செய்த வேலை, எஞ்சின் ஒயிலை மாற்றியதும் வண்டியைக் கழுவித் துடைத்ததும் பெல்ட் மூடியின் மேல் வெள்ளிநிறப் பேனாவால் '04/2023' என்று எழுதியதும் மட்டுமே. விவகாரம் இன்னும் முடியாததால் கராஜின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

இந்த எஞ்சினைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களில் வால்வைத் திறப்பது கேம் எனப்படும் மேடுள்ள சுழல் தண்டு, மூடுவது ஸ்பிரிங். டுகாட்டியின் டெஸ்மோ முறையில் மூடுவதற்கும் தனியாக ஒரு ராக்கர், அதாவது கேம் தள்ளும் சிறு நெம்புகோல், உண்டு. தலியோனி என்ற பொறியியலாளர் 1956இல் 125 சிசி பந்தய வண்டியில் கொண்டுவந்த இந்த முறையை நிறுவனம் இன்றுவரை முற்றாகக் கைவிடவில்லை. 916இல் இரண்டு சிலிண்டர்கள், எட்டு வால்வுகள், ஆகவே பதினாறு ராக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் என்ற ஒரு சிறு உலோகத் துண்டு. ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலான இந்த இடைவெளிகளை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அளந்து சரிசெய்ய வேண்டும். கேம்களைச் சுழற்றுபவை சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் பெல்ட்கள். ஓடும்போது ஒரு பெல்ட் அறுந்தால் அந்தப் பக்கத்துக் கேம்கள் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நிற்கும் வால்வில் பிஸ்டன் போய் மோதும். அதனால்தான் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது, பெல்ட்டை மாற்றிவிட வேண்டும் என்பது விதி. ஓடாமல் கராஜில் நிற்கும் வண்டியிலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

வண்டியை நான் வாங்கியது 2023 பெப்ரவரியில், மொடேனாவில் கடைசல் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு முதியவரிடம். அவர் வண்டியோடு ஒரு கோடு போட்ட பள்ளிக் கொப்பியையும் தந்தார். எந்த நாளில் எந்த ஷிம் எந்த அளவில் இருந்தது என்பது வரை அதில் எழுதப்பட்டிருந்தது. கடைசியாகப் பெல்ட் மாற்றியது 2017 மார்ச்சில் என்று அவரே காட்டி, "பெல்ட் மாற்றாமல் மலைப்பக்கம் போகவேண்டாம்" என்றும் சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார். வால்வு மூடித் திருகுகளை இறுக்கிய பிறகு, திருகின் தலையும் மூடியும் சேரும் இடத்தில் மனைவியின் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பாராம், திருகு அசைந்தால் தெரியட்டும் என்று. வண்டி கிடைத்த மகிழ்ச்சியில் அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குறிப்பிட்ட கராஜுக்குப் போனது மோட்டார் சைக்கிள் கிளப் நண்பர்களின் பேச்சைக் கேட்டு. டுகாட்டியின் போர்கோ பனிகாலே தொழிற்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வசிப்பவர்களுக்கு மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் தொண்ணூறுகளின் வண்டியென்றால் இந்தக் கராஜ்காரரைத் தவிர வேறு யாரிடமும் விடாதே என்று ஏழு பேர் சொன்னார்கள். ஒரு மாலை ஆறு மணிக்கு விட்ட வண்டி மறுநாள் மதியமே தயார் என்று அழைப்பு வந்தது. பக்கக் கவசங்களையும் பெட்ரோல் தாங்கியையும் கழற்றி, ரேடியேட்டரை நகர்த்தி, பதினாறு இடைவெளிகளையும் அளந்து, தேவையான ஷிம்களை மாற்றி மீண்டும் பூட்டுவதற்குப் பழகிய கைக்கே ஒரு முழு நாள் போதாது. இதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காததற்கு ஒரு காரணம் என் பேராசை. பற்றுச்சீட்டு இல்லாமல் பணமாகத் தந்தால் 22 சதவீத வரியைக் கழிக்கலாம் என்றார். சரி என்று எண்ணிக் கொடுத்தேன். இன்று என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாததற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

அந்தக் கோடையில் 2,600 கிலோமீட்டர் ஓடினேன். ஃபூத்தா கணவாய் வழியாகப் பிளாரன்ஸ் பக்கம் மூன்று முறையும், ராத்திகோசாவுக்குக் கணக்கில்லாத ஞாயிறுகளும் போய்வந்தேன். ஒக்டோபரில் எஞ்சினிலிருந்து, ஒயிலில் மூழ்காத உலர் கிளட்ச்சின் வழக்கமான கலகலப்புக்கு அப்பால், சீரான ஒரு தட்டல் கேட்கத் தொடங்கியது. முதல் கராஜ் "இந்த வண்டிகள் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டது. நவம்பரில் சான் லாசரோ பக்கத்தில் தனியாக வேலை செய்யும் இன்னொருவரிடம் கொண்டுபோனேன். அவர் செய்த முதல் நல்ல காரியம், என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மூடியைக் கழற்றியது.

பெல்ட்டின் முதுகில் வெள்ளை எழுத்து பாதி அழிந்தும் வாசிக்கக்கூடியதாக இருந்தது: '3/17'. கொப்பியில் இருந்த அதே கையெழுத்து, ஏழின் நடுவில் போட்ட அதே குறுக்குக் கோடு. மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றி விரலால் மடித்தபோது பற்களின் அடியில் தலைமுடி போன்ற வெடிப்புகள் வரிசையாக வாய் திறந்தன. பிறகு வால்வு மூடிகளைத் துடைத்து விளக்கைப் பிடித்தார். ஒவ்வொரு திருகின் ஓரத்திலும் ஒரு சிவப்புப் பொட்டு, ஒன்றுகூட உடையாமல். ஷிம்கள் பதினாறும் கொப்பியில் உள்ள அளவிலேயே இருந்தன. அதை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. அளந்து பார்த்துச் சரியாக இருந்தால் ஷிம்மை மாற்றத் தேவையில்லை. ஆனால் திறக்காத மூடிக்குள் எவரால் அளக்க முடியும்?

தட்டலுக்குக் காரணம் ராக்கர்கள். அந்தக் காலத்து, சிலிண்டருக்கு நான்கு வால்வு உள்ள டுகாட்டி எஞ்சின்களில் ராக்கரின் உராயும் முகத்தில் உள்ள குரோம் பூச்சு செதிலாக உரிவது இவ்வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த நோய். உரிந்த துகள் ஒயிலில் கலக்கும், பூச்சுப் போன முகம் கேமை அரிக்கத் தொடங்கும். என் வண்டியில் மூன்று ராக்கர்கள் அப்படி உரிந்திருந்தன, ஒரு கேமில் நகம் தட்டுப்படும் அளவுக்குத் தடம் விழுந்திருந்தது. ஏப்ரலில் திறந்து பார்த்திருந்தால் ராக்கர்களோடு போயிருக்கும் செலவு, கேமையும் சேர்த்து 2,100 யூரோவில் வந்து நின்றது.

பழைய பெல்ட்களை எடுத்துக்கொண்டு முதல் கராஜுக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "பெல்ட் நன்றாக இருந்தது, நல்ல பொருளைக் கழற்றி எறிய மனம் வரவில்லை. எஞ்சின் உடையவில்லையே, உங்களுக்கு என்ன நட்டம்?" என்று கேட்டார். அப்படியானால் பெல்ட்டுக்கான பணத்தை ஏன் வாங்கினீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து, கிளப்பில் இதைப் பற்றிப் பேசாமல் இருந்தால் 300 யூரோ திருப்பித் தருவதாகச் செய்தி அனுப்பினார். எழுத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி அந்தச் செய்திதான். அதை இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். கிளப்பில் பாதிப் பேர் "அவர் அப்படிப்பட்டவர் அல்ல" என்றார்கள். நற்சான்று கூறிய அந்த ஏழு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர்கூடத் தன் வண்டியின் பெல்ட் மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கவில்லை.

20 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தரப்படும் வரலாற்று முக்கியத்துவச் சான்றிதழ் இருக்கிறதே, இரண்டு ஆண்டுக்கொருமுறை நடக்கும் அரசாங்கப் பரிசோதனையில் தேறிவிட்டதே என்று சிலர் ஆறுதல் கொள்வதைக் கேட்டிருக்கிறேன். முன்னது வண்டியின் அசல்தன்மையைப் பற்றியது, பின்னது பிரேக், விளக்கு, புகை போன்றவற்றைப் பற்றியது. இரண்டிலும் பெல்ட் மூடியை யாரும் தொடுவதில்லை. இப்போது நான் வண்டியை விடுவதற்கு முன்பே, கழற்றும் பெல்ட்களை என் கையில் தரவேண்டும் என்றும், பதினாறு இடைவெளிகளின் முன் அளவும் பின் அளவும் ஒரு தாளில் எழுதித் தரவேண்டும் என்றும், பற்றுச்சீட்டில் ஒவ்வொரு வேலையும் தனி வரியாக இருக்கவேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். நல்ல மெக்கானிக் இதற்கு முகம் சுளிப்பதில்லை. சான் லாசரோக்காரர் நான் கேட்பதற்கு முன்பே தாளை நீட்டினார். நகப்பூச்சும் ஒரு சீசா வாங்கி வைத்திருக்கிறேன், கடைக்காரி நிறம் பார்த்துச் சிரித்தாள்.

போன மாதம் ரெஜ்ஜோ எமிலியாவில் இருக்கும் ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, நானும் என்ர டுகாட்டி 748ஐ அவரிட்டத்தான் விட்டனான், ஆனா எனக்குப் புதுப் பெல்ட்தான் போட்டிருக்கிறார், நான் பார்த்தனான்" என்றார். இரண்டையும் பார்த்தீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. அன்று மாலை படம் அனுப்பியிருந்தார்: எளிதில் கண்ணில் படும் கிடைச் சிலிண்டரின் பெல்ட் புத்தம் புதியது, நிமிர்ந்த சிலிண்டரின் பெல்ட் வெளிறி, ஓரம் நூல் பிரிந்து நின்றது.