பழைய அரச பிரசுரங்களிலிருந்து தோட்டமும் கோழிவளர்ப்பும்: பேராதனையா, அமெரிக்காவா?

வளவுக்குள் நாலு பரப்பு செம்பாட்டு மண்ணும் ஒரு கிணறும் வைத்துக்கொண்டு, தோட்டத்தையும் கோழிவளர்ப்பையும் புத்தகம் பார்த்துப் பழக விரும்புகிறவருக்குப் பழைய ஊற்றுகள் இரண்டு உண்டு. ஒன்று, 1912இல் தொடங்கிய நமது இலங்கை விவசாயத் திணைக்களம் பேராதனையிலிருந்து தமிழில் வெளியிட்ட துண்டுப்பிரசுரங்கள். மற்றது, அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1889 முதல் வெளியிட்ட, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட ஆங்கிலச் சிறுநூல் வரிசை.

பயிர் விடயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, பேராதனைதான். அமெரிக்க நூல்கள் உறைபனி நீங்கும் நாளிலிருந்து கணக்கை ஆரம்பிக்கின்றன. நாமோ ஐப்பசி, கார்த்திகை மழையை வைத்தே நாள் பார்க்கிறோம். வெங்காயம் இதற்குத் தெளிவான உதாரணம். அங்குள்ள வட மாநில இனங்கள் குமிழ் கட்டுவதற்கு ஏறத்தாழ 14 மணித்தியாலப் பகல் வேண்டும். யாழ்ப்பாணத்தின் மிக நீண்ட பகலும் 13 மணித்தியாலத்தை எட்டுவதில்லை என்பதால், அந்த விதையை எவ்வளவு பக்குவமாக நட்டாலும் குமிழ் இல்லாமல் வெங்காயத்தாள்தான் மிஞ்சும். ஆனால் பேராதனையின் வார்த்தையையும் அப்படியே எடுக்க முடியாது. மலைநாட்டு அமில மண்ணை மனதில் வைத்து எழுதிய இடங்களில் சுண்ணாம்பு இடச் சொல்லியிருப்பார்கள். சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் நமது மண்ணுக்கு அது தேவையற்றது.

அளவுகளையும் மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் அப்புவின் பெட்டகத்தில் கிடந்த பிரசுரம் ஒன்றில், ஏக்கருக்கு 2 அந்தர் பசளை என்ற வரிக்கு அருகே ‘பரப்புக்கு 14 இறாத்தல்’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. அந்தர் 112 இறாத்தல், தோட்டக்காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கு அது. இன்றைய அளவில் ஏறத்தாழ 6.4 கிலோ. வயற்காணிக்கு 24 பரப்பு ஓர் ஏக்கராகையால் அதே கணக்கை அங்கே கொண்டுபோகக் கூடாது.

கைவேலை என்று வந்தால் அமெரிக்க நூல்களே மேல். மண்வெட்டிக்குப் பிடி போடுவது, கூட்டுக்குச் சட்டம் அடிப்பது, குஞ்சுகளுக்குச் சூடு கொடுப்பது போன்றவற்றை ஒவ்வொரு படியாகப் படம் வரைந்து காட்டும் பொறுமை அவற்றில் உண்டு. முதல் வாரத்தில் 95 பாகை பரனைட், அதாவது 35 பாகை செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 5 பாகை பரனைட் குறைத்தல் என்ற விதி இன்றும் செல்லும். ஆயினும் குளிர்நாட்டுக் கூட்டை நான் அப்படியே பின்பற்றி, மூன்று பக்கமும் சாக்கு கட்டி மூடியபோது, சித்திரை வெயிலில் குஞ்சுகள் மூலைகளில் ஒதுங்கி வாய் பிளந்து இளைத்தன. அன்று பிற்பகலே சாக்கை அவிழ்த்துக் கம்பிவலை அடித்து, மேலே கிடுகு வேய்ந்தேன். மரச்சீவலுக்குப் பதிலாக நெல்லுமி போட்டதில் குறை எதுவும் தெரியவில்லை.

இரண்டிலுமே தவிர்க்க வேண்டிய பக்கங்கள் பீடைநாசினி பற்றியவை. மொனோகுரோட்டபொஸ் இங்கே 1995இலும் எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன; பழைய தாள்களுக்கு அது தெரியாது. மருந்து பற்றிய கேள்வியை 1920 என்ற திணைக்கள இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். அமெரிக்க நூல்களில் மரக்கறியைப் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் மட்டும் அவிக்கச் சொல்லும் பழைய முறையையும் கைவிடுங்கள். பொட்டுலினம் என்ற, உயிரைக் கொல்லக்கூடிய கிருமி நச்சுக்கு இடம் கொடுக்காதிருக்க, அமுக்கக் கலத்தில் ஏறத்தாழ 116 பாகை செல்சியஸ் வேண்டும்.

கிடைப்பதில்தான் வேதனை. அமெரிக்க வரிசைக்குப் பதிப்புரிமைத் தடை இல்லாததால் இணையத்தில் தாராளமாக இருக்கிறது. நம்முடையவை, 1981இல் பொது நூலகம் எரிந்த யாழ்ப்பாணத்தில், வீட்டுப் பெட்டகங்களில்தான் அதிகம் தப்பியிருக்க முடியும். 2005 முதல் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் திட்டத்துக்குக் கொடுக்கும்போது, ஓரத்துப் பென்சில் எழுத்தை அழித்துத் துப்புரவாக்காமல், இருந்தபடியே கொடுங்கள்.