புது வேஷம் போட்ட அழகுப் பொருள் ஆப்

மூன்று வருடமாக மை, லிப்ஸ்டிக், சன்ஸ்கிரீன் எல்லாம் ஒரே ஆப்பில்தான் வாங்குகிறேன். பெயர் வேண்டாம். போன வாரம் அப்டேட் செய்ததும் ஆளே மாறிவிட்டது.

முன்பு ஃபவுண்டேஷன் நிறங்கள் பொட்டு அளவு வட்டங்களாக இருக்கும். எது மாநிறத்துக்கு என்றே தெரியாது. இப்போது வட்டத்தைத் தொட்டால், அதே நிறத்தை மூன்று பேர் கையில் தடவிய படம் பெரிதாக வருகிறது. மஞ்சள் சாயலா, இளஞ்சிவப்புச் சாயலா என்றும் எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சரியானது இரண்டே நிமிடத்தில் கிடைத்தது. (போனில் நைட் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் எல்லாமே மஞ்சள்தான்.)

ஆனால் 'மறுபடி வாங்கு' பட்டனை எங்கே ஒளித்தார்களோ! அந்த இடத்தில் ஒரு பெண் மை தீட்டும் வீடியோ தானாக ஓடுகிறது, சத்தத்தோடு. பஸ்ஸில் திறந்து மானம் போனது.

சன்ஸ்கிரீன் பக்கம் இன்னும் மோசம். வெயிலில் தோல் சிவந்து எரியாமல் காக்கும் அளவான எஸ்பிஎஃப்பை 50 என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள், தோலைக் கருக்கும் யுவிஏ கதிரிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று காட்டும் பிஏ குறியீட்டை 'மேலும் படிக்க'வுக்குள் தள்ளிவிட்டார்கள். காலாவதித் தேதி? அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

ஐந்துக்கு மூன்று. வீடியோ சத்தத்தை நிறுத்தினால் இன்னும் அரை தருகிறேன்.