என்பிடெல்லா, மூடிலா, நேரலை வகுப்பா? ஒரு கல்லூரித் துறை எதை எடுக்கலாம்

அடுத்த செமஸ்டரிலிருந்து சில பாடங்களை ஆன்லைனுக்குக் கொண்டுபோகலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டால், துறைக் கூட்டத்தில் பேச்சுக்கு வருபவை பெரும்பாலும் மூன்று வழிகள். ஆசிரியர் வழக்கம்போல் பாடம் எடுக்க, மாணவர்கள் ஜூமிலோ கூகுள் மீட்டிலோ கேட்பது ஒன்று. ஐஐடி பேராசிரியர்கள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெல் பாடத்தை எடுக்கச் சொல்லி அதற்கு கிரெடிட் கொடுப்பது இன்னொன்று. பாடமும் கேள்வியும் ஆன்லைனில் வைக்க உதவும் மூடில் மென்பொருளைச் சொந்தமாக நிறுவி, பாடத்தில் ஒரு பகுதியை அதில் வைத்து, மீதியை வகுப்பில் நடத்துவது மூன்றாவது. கூட்டம் முழுக்க வீடியோ தரம், வைஃபை வேகம், செலவு என்றே ஓடும். நான் கேட்பது ஒரே கேள்வி: மூன்றாவது வாரத்திலேயே பின்தங்கிவிட்ட பையன் யார் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தவரால் ஏதாவது செய்ய முடியுமா?

நேரலை வகுப்பு

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, 2020 மார்ச்சுக்குப் பிறகு எல்லோரும் பட்டதுதான். கேமராவை அணைத்து, சாட்டில் 'பிரசன்ட் மேம்' போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். டேட்டாவும் நிறைய தின்னும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி தரும் டேட்டா கார்டுத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது அதனால்தான். இலங்கையில் வேறு வழி பிடித்தார்கள். அங்கே பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக ஜூம் வகுப்புகள் நடந்தன; 2020-இல் பல்கலைக்கழகத் தளங்களுக்கான டேட்டாவுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் கொஞ்ச காலம் கட்டணம் வாங்கவில்லை. எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. கார்டில் வந்த 2 ஜிபி எங்கே போனது என்பது கார்டு வாங்கியவருக்கே வெளிச்சம்.

என் கேள்விக்கு நேரலை வகுப்பிடம் பதில் இல்லை. வகுப்பறையில் திருதிருவென்று முழிக்கிற முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். திரையில் தெரிவது பெயரின் முதலெழுத்து மட்டும். வெளியூர் வல்லுநர் ஒருவரைப் பேச வைக்க, பரீட்சைக்கு முன் சந்தேகம் தீர்க்க வைத்துக்கொள்ளலாம். தினம் பஸ் ஏறிக் கல்லூரிக்கு வருகிற மாணவர்களுக்கு முழுப் பாடத்தையும் இதில் நடத்துவது வீண் வேலை.

என்பிடெல்

2003-இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கியது. 2014-இலிருந்து சான்றிதழ் பாடங்கள் உண்டு. இப்போது மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் நடக்கிறது. 4, 8, 12 வாரப் பாடங்களுக்கு முறையே 1, 2, 3 கிரெடிட். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று 2016-இல் யுஜிசி அனுமதித்தது. 2021 விதிமுறை அதை 40 சதவீதமாக உயர்த்தியது. ஆக, விதி தடையில்லை.

இதன் பெரிய பலம் வீடியோவைவிடத் தேர்வுதான். சேருவது இலவசம். ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கட்டணம் கட்டி, கண்காணிப்பாளர் நிற்கிற மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. இதில் 10, அதில் 30 தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். அசைன்மென்ட் நாளைப் பார்க்க வேண்டும் என்றால் புதன்கிழமை ராத்திரி ஒரு கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பை எட்டிப்பாருங்கள். பத்து மணிக்கு ஒருங்கிணைப்பாளர், 'வீக் ஃபோர் இன்று கடைசி' என்று போடுவார். பத்தரைக்கு யாரோ ஒருவர் டெலிகிராமிலிருந்து பத்துக் கேள்விக்கும் விடையைக் கொண்டுவந்து கொட்டுவார். 11.59-க்குள் எல்லோரும் சமர்ப்பித்துவிடுவார்கள். 25-க்கு 24 வைத்துக்கொண்டு தேர்வு மையத்தில் 75-க்கு 22 எடுக்கிற கதை இப்படித்தான் உருவாகிறது. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பதால், நாலு வாரம் ஆளே காணாமல் போனாலும் இன்டர்னல் மார்க்கில் தெரியாது.

அப்புறம் மொழி. பல பாடங்களின் உரைகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன, நல்ல விஷயம். ஆனால் பேராசிரியர் பேசுவது ஆங்கிலம், வினாத்தாளும் பொதுவாக ஆங்கிலம்தான். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வந்த மாணவிக்கு முதல் வாரமே மூச்சு முட்டும். விவாதப் பக்கத்தில் சந்தேகம் கேட்கலாம். பதில் எழுதுகிற உதவியாளருக்கு அவளைத் தெரியாது. கல்லூரி ஒருங்கிணைப்பாளருக்கு அவளைத் தெரியும், அந்தப் பாடம் தெரியாது. பல பாடங்களுக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான்.

சான் ஹோசேயில் நடந்தது

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் வீடியோவோடு வகுப்பும் சேர்ந்த முறை, முழுக்க ஆன்லைன் என்ற இரண்டு விதத்தையும் அடுத்தடுத்து முயன்று பார்த்தது. 2012-இல் மின்சுற்றுப் பாடத்துக்கு எடெக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் இருந்த எம்ஐடி வீடியோக்களை எடுத்துக்கொண்டார்கள். வீடியோ வீட்டில், வகுப்பு நேரம் முழுக்கக் கணக்குப் போட, ஆசிரியர் பக்கத்தில். வழக்கமாகப் பத்துக்கு நாலு பேர் தேறாத அந்தப் பாடத்தில் 91 சதவீதம் பேர் தேறினார்கள். 2013 தொடக்கத்தில் யுடாசிட்டி என்ற ஆன்லைன் பாட நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று கணிதப் பாடங்களை முழுக்க ஆன்லைனில், 150 டாலருக்குக் கொடுத்தார்கள். தேர்ச்சி 24 முதல் 51 சதவீதம். ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள்.

இதை வைத்து உடனே தீர்ப்பு எழுதவும் முடியாது. யுடாசிட்டி பாடங்களில் பள்ளி மாணவர்களும், அதே கணக்கில் ஏற்கெனவே தோற்றவர்களும் இருந்தார்கள். கோடையில் நடந்த அடுத்த சுற்றில் தேர்ச்சி கூடியது. அதில் சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள். ஆனால் எனக்கு வேண்டிய விடை இதிலேயே கிடைத்துவிடுகிறது. தானாகப் படிக்கத் தெரிந்தவருக்கு வீடியோ போதும். தடுமாறுகிறவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். நம் கல்லூரிகளில் அரியர் வைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

அதே பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறை, ஹார்வர்டின் மைக்கேல் சாண்டல் நடத்திய நீதி குறித்த ஆன்லைன் பாடத்தை எடுக்க மாட்டோம் என்று 2013-இல் அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதியது. எங்கும் ஒரே பேராசிரியரின் வீடியோ ஓடும், உள்ளூர் ஆசிரியர் உதவியாளராகிவிடுவார் என்ற அச்சம். நம் அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிற யாரிடமும் இதை விளக்க வேண்டியதில்லை. 'அதான் ஐஐடிக்காரர் நடத்துகிறாரே, இந்த இடத்துக்கு ஆள் எதற்கு?' என்று கேட்க ரொம்ப நேரம் ஆகாது.

மூடில்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002-இல் வெளிவந்த மென்பொருள். இலவசம். ஆனால் சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்; இரண்டும் இல்லாவிட்டால் கூகுள் கிளாஸ்ரூம் போதும். நிறைய கல்லூரிகளில் மூடில் என்பது போன வருஷத்து பிபிடிகளைப் போட்டு வைக்கிற பரண். அப்படி வைத்துக்கொள்வதற்கு இந்தச் சிரமம் தேவையே இல்லை.

ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும்? புள்ளியியலில் ஒரு கேள்வி வைக்கிறீர்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்று. சராசரியும் திட்ட விலக்கமும் ஆளுக்கு ஆள் மாறி வரும்படி மூடிலில் அமைக்கலாம். பக்கத்து நண்பனின் விடையைப் பார்த்து எழுதினால் தப்பு என்று வரும். வேறு வழியில்லாமல் 'எப்படிடா போட்ட?' என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. திங்கள் காலை ஆசிரியர் பதிவேட்டைத் திறந்தால், யார் பக்கத்தையே தொடவில்லை, யார் மூன்று முறை முயன்றும் அதே இடத்தில் விழுந்தார் என்பது தெரியும். இரண்டு பேருக்கும் தேவைப்படுவது வேறு வேறு. முதல் பையனோடு கேன்டீனில் பேசினால் போதும், இரண்டாவது பையனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

விலை, ஆசிரியரின் நேரம். ஒரு யூனிட்டுக்கு உருப்படியான கேள்வி வங்கி தயாரிக்கிற வேலை டைம்டேபிளில் எங்கும் வராது. அதனால் ஐந்து யூனிட்டையும் ஒரே செமஸ்டரில் ஏற்ற நினைக்க வேண்டாம். மாணவர்கள் அதிகம் தோற்கிற யூனிட் எது என்று பழைய மதிப்பெண் பட்டியலில் பார்த்து அதை மட்டும் எடுங்கள். வீடியோவும் நீங்களே எடுக்க வேண்டாம், என்பிடெல் வீடியோவையே இணைக்கலாம். கணினி ஆய்வகத்துக்கு ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் தமிழிலேயே கிடைக்கிறது. சுமார் பத்து நிமிடத் துண்டுகள், பார்த்துக்கொண்டே பக்கத்தில் செய்து பழகும்படி எடுத்தவை.

முழு ஆன்லைன் வேண்டும் என்பவர்கள் 2020-இல் தொடங்கிய சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் படிப்பைக் காட்டுவார்கள். சரி, ஆனால் அங்கே பொதுவாக நாலு வாரம் படிக்க வைத்துத் தகுதித் தேர்வு வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள், பின்னும் தேர்வு மையத்தில்தான் எழுத வேண்டும். கவுன்சலிங்கில் வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற கல்லூரிக்கு அது அளவுகோல் ஆகாது.

என் தேர்வு இது. முதலாமாண்டுக் கணக்கு, புள்ளியியல் மாதிரி அடிப்படைப் பாடங்களுக்கு மூடிலும் வகுப்பறையும் சேர்ந்த முறை. மூன்றாமாண்டுக்கு மேல், துறையில் நடத்த ஆள் இல்லாத எலெக்டிவ்களுக்கு என்பிடெல். கேள்வி வங்கி தயாரிக்கும் ஆசிரியருக்கு வாரம் இரண்டு பீரியடாவது குறைத்துத் தர நிர்வாகம் மறுத்தால் மூடிலை விட்டுவிடுங்கள். அப்போது என்பிடெல்லையே எடுத்து, அந்தப் பாடம் தெரிந்த ஒருவரை வழிகாட்டியாகப் போட்டு, வியாழக்கிழமை ஒரு பீரியடை டைம்டேபிளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி சமர்ப்பித்த விடைகளை அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர்களைப் போர்டில் போட்டுக் காட்டச் சொன்னால், யாருக்கு டெலிகிராம் தெரியும், யாருக்குக் கணக்கு தெரியும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.