நாணயத்தைப் படமெடுக்க: டிஜிட்டல் மைக்ரோஸ்கோப்பா, மேக்ரோ லென்ஸா?

அச்சுப் பிழை, இரட்டை விழுந்த எழுத்து, நாணயச்சாலைக் குறி போன்ற நுணுக்கங்களைத் தேடுபவருக்கு யூஎஸ்பி வழி இயங்கும் டிஜிட்டல் மைக்ரோஸ்கோப் போதும். கணினியில் செருகினால் ஓர் எழுத்தே திரையை நிறைத்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் '1000 மடங்கு' என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் திரையின் அளவையும் சேர்த்துப் போட்ட கணக்கு.

சிக்கல் வெளிச்சத்தில்தான். லென்ஸைச் சுற்றியுள்ள எல்இடி வளையம் பளபளப்பான நாணயத்தில் வெள்ளைப் புள்ளிகளாகப் பிரதிபலிக்கும், புடைப்புகள் தட்டையாகிவிடும். அந்த விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து வைத்துப் பாருங்கள், தேய்ந்த எழுத்துகூட எழுந்து நிற்கும். ஆனால் நெருங்கி எடுக்கும்போது லென்ஸே அந்த ஒளியை மறைக்கும்.

இங்கேதான் கேமராவில் பொருத்தும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (சிறு பொருட்களை நெருக்கத்தில் பெரிதாகப் படமெடுக்கும் லென்ஸ்) ஜெயிக்கிறது. நாணயத்துக்கும் லென்ஸுக்கும் இடையே தாராளமாக இடம் கிடைப்பதால் விளக்கை இஷ்டம்போல நகர்த்தலாம். 1:1 அளவில், அதாவது பிம்பம் நாணயத்தின் நிஜ அளவிலேயே விழும்போது, கேமராவில் படத்தைப் பதியும் 36×24 மி.மீ. சென்சாரில் சிறிய நாணயம் முழுதாக அடங்கும். விலையும் எடையும் கூடுதல்தான். ஆனால் விற்பனைக்கோ பட்டியலுக்கோ முழு நாணயத்தின் நிறமும் மினுக்கமும் தெரியவேண்டுமென்றால் என் ஓட்டு இதற்கே. அப்புறம், எதில் எடுத்தாலும் ஸ்டாண்ட் கட்டாயம்.